பெட்டியைச் சுற்றி நின்றவர்கள்

ஸ்ட்ரெதம், லண்டன்
9 ஏப்ரல் 2024

அன்பு டொலறஸ் மச்சாளுக்கு ஜெஸ்ரின் எழுதுவது,

மடு மாதாவின் காவலில் உங்கள் தம்பி நிசாந்தனும் நானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். அவருடைய முழங்கால் மட்டும் குளிருக்கு முறைப்பாடு சொல்கிறது. உங்கள் சீனி வருத்தம் எந்த மட்டில் நிற்கிறது? மன்னார் வெயிலுக்குள் குடையில்லாமல் சந்தைக்குப் போகிறீர்கள் என்று கேள்வி. தபால் கந்தோரில் இருந்து பென்சனில் வந்தவர் இனியாவது ஆறுதலாக இருக்கலாம்தானே. "அக்காவுக்குப் போன் எடுத்தால் அவவின்ர கதையைத்தான் கேக்கலாம், எங்கட கதையைச் சொல்லேலாது" என்கிறார் இவர். அதனால் எழுதுகிறேன். கோள் சொன்னதாக நினைக்க வேண்டாம்.

எனக்கு ஒரு புதுப் பைத்தியம் பிடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்-றே எடுத்து எடுத்து, சனத்தின் எலும்பைப் பார்த்தே அலுத்துப்போய், போன வருசம் ஒரு கமரா வாங்கி முகங்களை எடுக்கத் தொடங்கினேன். ஐப்பசியில் இங்கே கறுப்பின வரலாற்று மாதம். இந்த முறை எங்கள் கோயில் மண்டபச் சுவரில் பங்கின் கரிபியன் முதியவர்களின் படங்களை மாட்டுவது என்று கமிட்டி தீர்மானித்து, எடுக்கிற வேலையை என் தலையில் கட்டிவிட்டது. சந்தோசமாக ஏற்றுக்கொண்டேன். தமிழர் இங்கே வந்து இறங்க முன்னமே குளிரையும் ஏச்சையும் தாங்கி வழி வெட்டியவர்கள் இவர்கள். வெட்டிய வழியால் நடந்து வந்தவர்கள் நாங்கள்.

நான் வைத்த நிபந்தனை ஒன்றுதான். ஒவ்வொருவரும் தங்கள் பழைய படம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். கப்பலால் இறங்கிய படம், நேர்ஸ் யூனிபோமில் எடுத்த படம் என்று எல்லோரும் கொண்டுவந்தார்கள். யூலலி என்ற அன்ரி மட்டும் வெறுங்கையோடு வந்தா. டொமினிக்காத் தீவுக்காரி, எண்பத்தாறு வயது, போன வருசம்தான் பிரிக்ஸ்டனில் இருந்து எங்கள் பங்குக்கு மாறி வந்தவ. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீ சிலோன் தமிழோ? என்ர மேல் அறையில ஒரு தமிழ்ப் பொடியன் இருந்தவன். நேசன். மன்னார்" என்றா. மச்சாள், நான் கண்ணால் காணாத என் அருள்நேசன் அத்தான், உங்கள் அண்ணா, 1987 தை மாதம் நெஞ்சுச் சளியில் இறந்துபோனது இவவின் வீட்டில் இருந்தபோதுதான்.

"நான் பிடிக்க வேண்டிய படம் என்னட்டை இல்லை. அது அவன்ர தாயிட்டைப் போயிட்டுது" என்கிறா. சவப்பெட்டியடியில் எடுத்த படமாம். ஒரு பிரதிதான் போட்டதாம், எடுத்தவரும் கனடா போய்ச் சேர்ந்து இறந்துவிட்டாராம். அந்தப் படம் மாமியின் சாமான்களுக்குள் இருந்தால் எனக்கு அனுப்புவீர்களா?

உடம்பைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். அயலட்டை எல்லோருக்கும் எங்கள் அன்பு.

உங்கள்
ஜெஸ்ரின்


மன்னார்
12 மே 2024

அன்பின் ஜெஸ்ரின்,

உமது கடிதம் மூன்று கிழமையில் பழுதில்லாமல் வந்து சேர்ந்தது. நான் உயிரோடும் வாயோடும் இருக்கிறேன். தம்பியின் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் பூசச் சொல்லும். முத்திரையைச் சரிவாக ஒட்டியிருந்தீர். வேலையில் இருந்த காலம் முழுக்க அப்படியான முத்திரைகளில் சீல் குத்தி என் தோள்மூட்டு போனது, இனிமேல் நேராக ஒட்டும்.

இங்கே வெயில் ஆளை உருக்குகிறது. கழுதைகள் நிழல் தேடிக் கோயில் விறாந்தைக்கே வந்துவிட்டன. போன ஞாயிறு பிரசங்க நேரத்தில் ஒன்று கத்தியது. சுவாமி நிறுத்தாமல் பேசினார், யாருடைய குரல் எது என்று பின்வாங்கில் இருந்த எங்களுக்கு விளங்கவில்லை.

அந்த மனுசி உயிரோடு இருக்கிறா என்று வாசித்ததும் கதிரையில் இருந்துவிட்டேன். அவ சுகமாக இருக்க வேண்டும்.

மடுத் திருவிழாவுக்கு வழமைபோல நடந்து போக நினைத்திருக்கிறேன், சீனி வருத்தக் காலோடு வேண்டாம் என்கிறார் டொக்டர். பார்ப்போம். படத்தையும் பிறகு பார்ப்போம்.

தேவன் உங்கள் இருவரையும் காக்கட்டும்.

அன்புடன்
டொலறஸ்


ஸ்ட்ரெதம்
3 ஜூன் 2024

அன்பு மச்சாள்,

வெயில் இங்கே கொஞ்சம் தலைகாட்டிவிட்டது. உங்கள் தம்பி அரைக்காற்சட்டையோடு ஹைறோட்டில் திரிகிறார், நான் தெரியாத ஆள்போல் பத்தடி பின்னால் போகிறேன். நீங்கள் கழுதைகளின் சுகம் எழுதினீர்கள், உங்கள் காலின் சுகம் எழுதவில்லை. மருந்து ஒழுங்காகப் போடுகிறீர்களா? முத்திரை நேராக ஒட்டியிருக்கிறேன், பார்த்துப் புள்ளி போடுங்கள்.

படமெடுக்கிற கதையைச் சொல்கிறேன். கறுத்த முகத்தை எடுப்பது லேசான வேலை இல்லை. கமராவின் விருப்பத்துக்கு விட்டால் அது வெளிச்சத்தைக் கூட்டி முகத்தில் சாம்பல் பூசிவிடும். ஜன்னலோரம் கதிரை போட்டு, பக்கத்து வெளிச்சத்தில், அவசரப்படாமல் எடுக்க வேண்டும். யூலலி அன்ரி முதல் நாளே எச்சரித்தா: "என்னைக் கறுப்பாய் எடு பிள்ளை. வெளிற வைச்சியெண்டால் உன்ர கமராவை உடைப்பன்." சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. என் கல்யாண அல்பத்தில் முகம் ஒரு நிறம், கை ஒரு நிறம். ஸ்ரூடியோக்காரன் எனக்கு நல்லாய் வெள்ளையடித்து வைத்திருக்கிறான். அன்றைக்கு நானும் வடிவாய் இருக்கு என்றுதான் வாங்கி வைத்தேன்.

அத்தான் அந்த வீட்டுக்கு வந்த கதையையும் கேட்டேன். "நான் இந்த நாட்டுக்கு வந்த புதுசில, கதவைத் திறந்து முகத்தைப் பாத்திட்டு, அறையை வேற ஆளுக்குக் குடுத்தாச்சு எண்டு சொல்லுவினம். நாள் முழுக்க அப்பிடிக் கதவு கதவாய் அலைஞ்சால் ஆளின்ர முகம் ஒரு மாதிரிப் போயிடும். இவன் அந்த முகத்தோட என்ர வாசலில நிண்டான். எனக்கு அந்த முகத்தைத் தெரியும்" என்றா. அன்றைக்கே மேல் அறையைக் கொடுத்துவிட்டா.

அவர் இறந்தபோது கூட இருந்தது நாலைந்து தமிழ்ப் பொடியன்கள்தானாம். எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே. செத்தவீடென்றால் இனசனம் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுத்து, வர முடியாதவர்களுக்கு அனுப்ப வேண்டும். "சுத்தவர ஆருமில்லாமல் அவன் தனியக் கிடக்கிற படத்தைப் பாத்தால் அம்மா செத்துப்போவா" என்று அந்தப் பொடியன்கள் குசினிக்குள் இருந்து அழுதார்களாம். இவ எழும்பிப் போனை எடுத்திருக்கிறா. பனி கொட்டி பஸ்கூட ஓடாத நாள். அவவோடு வேலை செய்த நேர்ஸ்மார், பஸ் ஓட்டுகிறவர்கள், கோயில் பாடகர் குழு என்று எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியும் கோட்டும் போட்டு நடந்தே வந்து, முன்பின் தெரியாத பொடியனைச் சுற்றிச் சொந்தக்காரர் மாதிரி நின்றார்களாம். இதைக் கேட்டு நான் அவவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். இப்படியும் மனிசர் இருந்திருக்கிறார்களே, எங்களுக்கு நன்றி சொல்லக்கூடத் தெரியாமல் போய்விட்டதே என்று.

அவவின் மனதில் ஒரு முள் இருக்கிறது மச்சாள். "தாய் ஒரு வரியும் எழுதேல்லை. நாங்கள் தொட்டது பிடிக்கேல்லையோ தெரியாது" என்கிறா. முப்பத்தேழு வருசமாக அப்படி நினைத்துக்கொண்டு இருக்கிறா. வேறு படம் பிடிக்கச் சொன்னால் மாட்டேன் என்கிறா. "அது இல்லாட்டி என்னைச் சுவரில போடாதை" என்று கதையை முடித்துவிட்டா. நான் அவவுக்கென்று ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறேன்.

தேடிப் பார்த்து எழுதுங்கள். உங்கள் பதிலுக்காக வாசலைப் பார்த்தபடி,

ஜெஸ்ரின்


மன்னார்
18 ஜூலை 2024

அன்பின் ஜெஸ்ரின்,

உங்கள் இருவருக்கும் மடுமாதா நல்ல சுகம் தரவேண்டும் என்று திருவிழாவில் மெழுகுதிரி கொளுத்தினேன். நடந்து போகவில்லை, பஸ்ஸில்தான் போனேன், டொக்டர் வென்றுவிட்டார். கால் பரவாயில்லை. முத்திரைக்குப் பத்துக்கு ஒன்பது.

பதில் சுணங்கியதற்குத் திருவிழாதான் காரணம். சனமென்றால் சனம். கூடாரம் அடிக்க இடமில்லாமல் லொறிக்குக் கீழே படுத்தவர்களும் இருக்கிறார்கள்.

படம் பற்றிக் கேட்டிருந்தீர். தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் நாங்கள் படகேறி இந்தியாவுக்குப் போனதும், முகாமில் இருந்ததும், திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லாததும் தம்பி சொல்லியிருப்பான். அந்த ஓட்டத்தில் எத்தனையோ தொலைந்தன. அம்மாவின் தாலிக்கொடியே போய்விட்டது.

கண்காட்சிக்கு வேறு நல்ல படம் கிடைக்காமலா போகும்? யூலலி அவர்களிடம் நான் விசாரித்ததாகச் சொல்லும். சரியான பெரிய மனுசி என்றும் சொல்லும்.

ஆசீர்வாதங்களுடன்
டொலறஸ்


ஸ்ட்ரெதம்
11 ஆகஸ்ட் 2024

அன்பு மச்சாள்,

நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன், நாங்களும் சுகம்.

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். "படம் எங்க தொலைஞ்சது? முகாமிலயும் அம்மா அதைத் தலைமாட்டில வைச்சிருந்தவ. நடுவில அம்மா நிக்கிறா, பக்கத்தில அப்பா, அக்கா, நான்" என்றார். நான் கேட்டேன்: "மாமி எப்பிடி அங்க நிப்பா? அவ லண்டனுக்கு வந்ததே இல்லையே?" மனுசன் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, "எனக்கப்ப பத்து வயசு. அக்காவைக் கேளும்" என்று எழும்பிப் போய்விட்டார்.

ஆகவே கேட்கிறேன். என்ன நடந்தது? யூலலி அன்ரிக்கு நெஞ்சில் ஏதோ அடைப்பு என்று ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். நான் பார்க்கப் போனபோதும் முதல் கேள்வி, "தாயின்ர வீட்டில இருந்து ஏதும் வந்ததோ?" அவவுக்கு நான் ஒரு பதில் சொல்லியாக வேண்டும்.

உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை மச்சாள். பயப்படாமல் எழுதுங்கள்.

ஜெஸ்ரின்


மன்னார்
5 செப்டம்பர் 2024

அன்பின் ஜெஸ்ரின்,

ஆண்டவர் உமக்கும் தம்பிக்கும் நீண்ட சுகம் தரட்டும். யூலலி அம்மாவின் நெஞ்சு எப்படி என்று முதலில் எழுதும். அதைக் கேட்காமல் எனக்கு மற்றக் கதை வராது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைக்க நானும் பார்த்தேன், ஏலவில்லை. ஒன்றைக் கவனியும்: எத்தனையோ தொலைந்தன என்றுதான் எழுதினேன், படம் தொலைந்தது என்று எழுதவில்லை. பொய் எழுத எனக்குக் கை வராது, சுற்றி வளைக்க மட்டும் வரும்.

படம் மாசி மாதத்தில் வந்தது. அந்த உறையை எடுத்து வந்து கொடுத்ததும் நான்தான், அப்போது கந்தோரில் சேர்ந்து சில மாதம். அம்மா திறந்தா. பெட்டிக்குள் அண்ணா. சுற்றிவரப் பெரிய பெரிய தொப்பிகளோடு கறுத்த மனிசர், எல்லோர் கண்ணிலும் கண்ணீர். அண்ணாவின் நெற்றியில் ஒரு பெண்ணின் கை. அம்மா அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டு மூன்று நாள் பாயை விட்டு எழும்பவில்லை. வந்த இனத்தவர் ஒருவர் நிறத்தைப் பிடித்து ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லை நான் இங்கே எழுதமாட்டேன். எங்கள் சனத்துக்கும் அந்தப் பைத்தியம் உண்டு என்று உமக்குத் தெரியும், உமது கல்யாண அல்பமே சாட்சி. அம்மா அவரை வாசலைக் காட்டி, "என்ர பிள்ளையைப் பாக்க நீ போனியோ? போன ஆக்களைப் பற்றிக் கதையாதை" என்று அனுப்பிவிட்டா. ஆகவே கோபம் என்று அந்த மனுசி நினைப்பது முழுப் பிழை.

நாலாம் நாள் அம்மா எழும்பி முகம் கழுவி, "நான் அவனுக்குப் பக்கத்தில நிக்கவேணும்" என்றா. அந்தக் காலத்தில் எங்கள் ஸ்ரூடியோக்களின் பழக்கம் உமக்குத் தெரிந்திருக்கும். தங்கச்சியின் கல்யாணத்துக்கு சவூதியில் இருந்து வரமுடியாத அண்ணனின் படத்தை வெட்டி மணவறைப் படத்தில் ஒட்டிவிடுவார்கள். கால் நிலத்தில் படாமல் அந்தரத்தில் நிற்கும், ஒருவரும் சிரிக்கமாட்டார்கள். வீட்டுக்கு வீடு ஆள் இல்லாத காலம் அது. அம்மாவும் எங்களை ஸ்ரூடியோவுக்குக் கூட்டிக்கொண்டு போனா. நெகற்றிவ் இல்லாததால் ஸ்ரூடியோக்காரர் எங்களைப் படமெடுத்து, உருவங்களை வெட்டி, லண்டனில் இருந்து வந்த படத்தின் மேலேயே பசை போட்டு ஒட்டினார். பெட்டியைச் சுற்றி வேறு இடமில்லை. அவர்கள் நின்ற இடத்தில் எங்களை நிறுத்தினார்.

கையையும் மறைக்கப் பார்த்திருக்கிறார். அம்மா விடவில்லை. "அது அவன்ர நெத்தியில இருக்கட்டும். எனக்கு அந்தளவு தூரம் கை நீளாது" என்றா. இன்றைக்கும் அந்தக் கை மட்டும் ஆளில்லாமல் இருக்கிறது.

ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்பீர். நான் எத்தனையோ தரம் கடதாசியும் பேனையுமாகப் போய் இருந்தேன். "என்னெண்டு எழுதிறது? உங்களை மறைச்சுப்போட்டுத்தான் நான் நிக்கிறன் எண்டோ?" என்று அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளுவா. வெட்கம்தான் பிள்ளை, வேறொன்றுமில்லை. எனக்கும் அதே வெட்கம். அவர்களுடைய வரலாற்றைக் கொண்டாடுகிற சுவருக்கு, அவர்களை ஒட்டி மூடின படத்தை எந்த முகத்தோடு அனுப்புவது?

ஆனாலும் இனி ஒளிக்க ஏலாது. பிறேமைக் கழற்றிப் படத்தைப் பதிவுத் தபாலில் இதோடு அனுப்புகிறேன். காட்டுவதும் காட்டாமல் விடுவதும் உமது பொறுப்பு. அவ ஏசினால் ஒரு சொல்லும் குறைக்காமல் எனக்கு எழுதும். கேட்கக் கடமைப்பட்டவள் நான்.

நடுக்கத்துடன்
டொலறஸ்


மன்னார்
7 ஒக்ரோபர் 2024

அன்பின் ஜெஸ்ரின்,

நீங்கள் சுகம்தானே? இங்கே முதல் மழை பெய்து நிலம் குளிர்ந்திருக்கிறது, நான்தான் குளிரவில்லை.

பொதி உமது வீட்டில் கையெழுத்து வைத்துப் பெறப்பட்டது என்று கந்தோரில் விசாரித்து அறிந்தேன். என்னிடமே ஒளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். நல்லதோ கெட்டதோ ஒரு வரி எழுதும். இரண்டு கிழமையாக விறாந்தையில்தான் என் சீவியம்.

டொலறஸ்


ஸ்ட்ரெதம்
20 ஒக்ரோபர் 2024

என் அன்பு மச்சாள்,

முதலில் சுகச் செய்தி. யூலலி அன்ரி வீட்டுக்கு வந்துவிட்டா, நடக்கிறா, எல்லோரையும் அதட்டுகிறா. நாங்களும் சுகம். நீங்கள் விறாந்தையை விட்டு உள்ளே போய்ச் சாப்பிடுங்கள். ஐப்பசி தொடங்கிவிட்டது, கண்காட்சி வேலை கழுத்தைப் பிடித்தது, அதனால்தான் சுணக்கம். உண்மையைச் சொன்னால், எனக்கும் அவவிடம் போகப் பயமாக இருந்தது.

பொதியைத் திறந்து நானும் இவரும் கன நேரம் பார்த்துக்கொண்டு இருந்தோம். நீங்கள் இரட்டைப் பின்னலோடு. இவர் அன்றைக்கும் அரைக்காற்சட்டைதான். உங்கள் நாலு பேர் முகத்திலும் மன்னார் வெயில், பெட்டியில் லண்டன் மாரி வெளிச்சம். மாமியின் தோளுக்குப் பின்னால் ஒரு தொப்பியின் இறகு மட்டும் எட்டிப் பார்க்கிறது. ஓரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு இவர் சொன்னார், "பசை காய்ஞ்சுபோய் இருக்கு. ஈரப்பஞ்சு வைச்சு ஆறுதலாய் உரிச்சால் கழரும். அடியில அவையெல்லாம் நிப்பினம்." அதுதான் நியாயம் என்று எனக்கும் பட்டது. அந்த நியாயத்தைத் தூக்கிக்கொண்டு அன்ரி வீட்டுக்குப் போனோம்.

கமிட்டிச் செயலாளர் கமிலும் அங்கே இருந்தாள். நல்ல கெட்டிக்காரப் பிள்ளை, கரிபியன் குடும்பம், இங்கே பிறந்தவள். அன்ரி உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துப் படத்தின் மேலே மெதுவாக நகர்த்தினா. நான் நீங்கள் எழுதியதை ஒன்றும் விடாமல் சொன்னேன். இனத்தவர் சொன்ன சொல்லைப் பற்றியும் சொன்னேன்.

கமிலுக்குக் கோபம் வந்துவிட்டது. "இவையள் உங்களை மூடி மறைச்சிருக்கினம் அன்ரி. இந்த மாதத்தில, இந்தச் சுவரில இதையோ மாட்டுறது?" என்றாள். அவள் கேட்டது சரிதான் மச்சாள். இவர்தான், "உரிக்கலாம், நான் கவனமாய் உரிச்சுத் தாறன்" என்றார்.

அன்ரி கண்ணாடியை மேசையில் வைத்த சத்தத்தில் நாங்கள் மூவரும் துள்ளிவிட்டோம். "ஆரையும் உரிக்க வேண்டாம். விசா இல்லாமல், ரிக்கெற் இல்லாமல், அந்தத் தாய் ஒருமாதிரித் தன்ர பிள்ளையிட்டை வந்து சேந்திருக்கிறா. அவவைத் திரும்பவும் வாசலுக்கு வெளியில விடப்போறியளோ? நான் இருக்குமட்டும் அது நடக்காது." பிறகு கமிலின் கையைப் பிடித்து, "நாங்கள் அண்டைக்கு அவவின்ர இடத்தைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு நிண்டனாங்கள். ஆள் வந்தால் எழும்பிக் குடுக்கிறதுதானே முறை. ஆனால் நீ கேட்டதும் சரி. நிண்ட ஆக்களின்ர பேர் மறையக்கூடாது. எழுது" என்றா. மாமாவுக்கு அடியில் நிற்பது கத்பேட், இரண்டாம் நம்பர் பஸ் ஓட்டியவர். உங்களுக்கு அடியில் பிலோமினா, பிள்ளைப்பேறு வார்ட் நேர்ஸ். தம்பிக்கு அடியில் ஹோர்ட்டென்சும் அவவின் புருசன் லியோனும். அந்த இறகு ஏர்ன்ஸ்ரீனின் தொப்பி, இரவல் தொப்பியாம். மாமிக்கு அடியில் யூலலி அன்ரியேதான், நெற்றியில் இருக்கிற கையும் அவவுடையது. ஒவ்வொருவர் என்ன வேலை செய்தார்கள், எந்தத் தீவு, யார் இப்போது இல்லை என்று சொல்லச் சொல்லக் கமில் எழுதினாள். எழுதும்போது அழுதாள்.

அதற்குப் பிறகு அன்ரி தொப்பி வைத்து, உதட்டுக்குச் சாயம் பூசி, ஜன்னலோரம் இருந்து, படத்தை மார்போடு பிடித்தா. நான் எடுத்ததிலேயே நல்ல படம் இதுதான். கறுப்பாகவே எடுத்திருக்கிறேன், கமரா தப்பிவிட்டது. சுவரில் அதற்குக் கீழே கமில் எழுதிய பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. திறப்பு நாளில் கத்பேட் அங்கிள் ஊன்றுகோலோடு வந்து மாமாவைக் கிட்டப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, மனுசனுக்கு என்னைவிட மீசை வடிவு" என்றார். மண்டபமே சிரித்தது. எங்கள் தமிழ்ச் சனமும் நிறைய வந்திருந்தது. ஒவ்வொருவராகப் போய் அந்த முதியவர்களின் கையைப் பிடித்து நன்றி சொன்னார்கள்.

மாமிக்குக் கோபமில்லை என்று அன்ரியிடம் நான் பலமுறை சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறா. ஆனால் அந்த வீட்டு வாயில் இருந்து கேட்க வேண்டும்போல் இருக்கிறது அவவுக்கு. நீங்கள் இரண்டு வரி எழுதுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், நான் வாசித்து விளங்கப்படுத்துகிறேன்.

நிறைந்த மனதோடு
ஜெஸ்ரின்


மன்னார்
12 நவம்பர் 2024

அன்புள்ள யூலலி அம்மாவுக்கு, மன்னாரில் இருந்து அருள்நேசனின் தங்கச்சி டொலறஸ் வணக்கத்தோடு எழுதுவது.

நீங்கள் நலமா? நெஞ்சு நோகிறதா? குளிருக்குள் வெளியே போகாதீர்கள். நாங்கள் இங்கே சுகம்.

1987 மாசி மாதத்தில் உங்கள் படம் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. அம்மா எழுத வேண்டிய பதிலை அவவின் மகள் எழுதுகிறேன். இவ்வளவு காலம் உங்களைக் காக்க வைத்ததற்கு மன்னிக்க வேண்டும்.

அந்தப் படம் வரும்வரை அண்ணா தனியாகச் செத்தான் என்றுதான் அம்மா தலையில் அடித்து அழுதுகொண்டு இருந்தா. வந்த பிறகு அந்தச் சொல்லை அவ வாயில் நான் ஒருநாளும் கேட்கவில்லை. நீங்கள் செய்தது சின்னக் காரியம் இல்லை. எங்கள் அம்மாவை உயிரோடு வைத்திருந்தீர்கள். உங்கள் எல்லோருக்கும் எங்கள் வீடு கடன்பட்டிருக்கிறது, அந்தக் கடனோடு இருப்பது எங்களுக்குச் சந்தோசம். இப்போது அம்மாவை உரிக்காமல் அந்தப் படத்திலேயே நிற்க விட்டதற்கு உங்களைக் கும்பிடுகிறேன்.

ஜெஸ்ரினுக்குக்கூட நான் சொல்லாத ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன். வீட்டிலும் சரி, முகாமிலும் சரி, பின்னேரச் செபமாலையின் கடைசிப் பத்து மணியை அம்மா எப்போதும் உங்களுக்காகவே சொன்னா. அவ போன பிறகு நான் சொல்லி வருகிறேன். உங்களில் ஒருவர் பெயரும் அப்போது எங்களுக்குத் தெரியாது. "ஆண்டவரே, அண்டைக்குப் பிள்ளைக்குப் பக்கத்தில நிண்ட ஆக்கள்" என்றுதான் சொல்லுவோம்.

இது மரித்தோரின் மாதம். நேற்று ஜெஸ்ரினின் கடிதத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு முழங்காலில் இருந்தேன். யூலலி, கத்பேட், பிலோமினா, ஹோர்ட்டென்ஸ், லியோன், ஏர்ன்ஸ்ரீன் என்று உங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிச் செபித்தேன்.

உங்கள் மகள்
டொலறஸ்